எழுபதாவது கட்டை

தானா மேரா, கிளந்தான்
12 ஜனவரி 1981

அன்புள்ள அபே தெராமானுக்குத் தங்கை நானி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் யாக்கோபும் சுகம். மலைக்குளிரில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நவம்பரில் பிள்ளை பிறந்ததைத் தந்தியில் மூன்றே வார்த்தையில் அனுப்பினேன்: பெண், நலம், மஸ்தூரா. அதில் நடு வார்த்தை முழு உண்மை இல்லை, அபே. தபால் ஆபீசில் அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. மஸ்தூராவுக்கு மேல் உதடு பிளந்திருக்கிறது. உள்ளே அண்ணமும் பிளவு. சப்பிக் குடிக்க முடியாது. பாலைப் பீய்ச்சி, கரண்டியால் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். பாதி மூக்கு வழியே வந்துவிடுகிறது. ஒரு வேளைப் பாலை முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். ஆசிரியர் கல்லூரியில் குழந்தை வளர்ப்பு என்று ஒரு தடித்த புத்தகத்தைப் படித்துத் தேறியவள் நான். அதில் கரண்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பினாங்கில்தான் தைப்பார்களாம். தைக்கிற டாக்டர் அங்கே எப்போதாவதுதான் வருகிறார். பிப்ரவரி கடைசியில் ஒரு தேதி, மே பத்தொன்பதில் ஒரு தேதி. எது வேண்டும் என்று நான் பதில் எழுத வேண்டும். ஒரே நிபந்தனை, பிள்ளைக்குச் சளி இருக்கக் கூடாது. சளி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரயிலில் என்றால் கோலோக் போய், சயாம் எல்லை தாண்டி, ஹட்யாயில் வண்டி மாறி, பினாங்குக்கு எதிர்க்கரை பட்டர்வொர்த் சேர இரண்டு நாள். பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாத பெட்டி. போன பெருநாளுக்கு நீங்கள் அதில் வந்து இறங்கும்போதே காய்ச்சலோடுதான் இறங்கினீர்கள். நீங்கள் எருமை மாதிரி இருக்கிற ஆள். இவள் என் முழங்கை நீளம்.

மலை வழியே உங்கள் ரோடு முடிந்துவிட்டால் ஒரே பகலில் போய்விடலாம். அதனால் கேட்கிறேன். கெரிக்கிலிருந்து வருகிற ரோடு மே மாதத்துக்குள் நம் பக்கம் ஜெலியைத் தொட்டுவிடுமா? ரேடியோ சொல்வதும் பேப்பர் சொல்வதும் எனக்கு வேண்டாம். அந்த மண்ணை கிரேடர் ஓட்டிச் சமன் செய்கிற ஆள் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள்.

நெத்திலி ஊறின புடுச் சாறு ஒரு போத்தல் தனியாகப் பார்சலில் வருகிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரொஸ்னானி


பண்டிங் முகாம், கெரிக்
29 ஜனவரி 1981

நானிக்கு அபேயோட ஸலாம். நான் நல்லா இருக்கேன், கிரேடர் நல்லா இருக்கு. முதுகு இப்ப கிரேடருக்குச் சொந்தம், அதை என்கிட்ட விசாரிக்காதே.

புடு வந்துச்சு. போத்தல் வரலை. தபால் பைக்குள்ளயே உடைஞ்சு, முகாமுல எல்லாருடைய கடிதமும் நெத்திலியில ஊறிப் போச்சு. இந்த ஊர்ப் பேராக்காரனுங்க மூக்கைப் பொத்திக்கிட்டு, "டேய் கிளந்தான், உன் வீட்லருந்து கடிதம் வந்துச்சா, பொணம் வந்துச்சா?"ன்னு கேட்டானுங்க. நம்ம ஊர்க்காரனுங்க நாலு பேர் அந்தக் கடிதத்தை மோந்து பார்த்துட்டு ஒரு தட்டுச் சோறு கூடத் தின்னானுங்க.

பிள்ளை விஷயத்தை ரெண்டு தடவை படிச்சேன். பக்கத்துல இருந்தவன் "என்னடா"ன்னான். "ஒண்ணுமில்லே"ன்னேன்.

நீ கேட்டதுக்கு வர்றேன். போன வியாழக்கிழமை எழுபதாவது கட்டையை நட்டாச்சு. வெள்ளை அடிச்சு, கறுப்புல எழுபதுன்னு எழுதி, நான் பக்கத்துல நின்னு போட்டோ கூட எடுத்தாங்க. ஒண்ணாவது கட்டையை நட்டப்போ நான் மீசை இல்லாத ஆளு, நானி. அன்னைக்கு மேலே பார்த்தா மரம், கீழே பார்த்தா மரம். காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுங்க வச்ச கண்ணிவெடியைச் சிப்பாய்ங்க தேடிப் பார்த்துட்டு "சரி"ன்னு சொன்னாத்தான் மெஷினையே கிளப்பணும். இன்னைக்கும் அப்படித்தான். நீ அதுக்குக் கவலைப்படாதே. இப்ப கெரிக்கிலிருந்து எழுபதாவது கட்டை வரைக்கும் திரும்பிப் பார்த்தேன்னா, இதையெல்லாம் நாமதான் செஞ்சோமான்னு இருக்கு. போன வாரம் மூணு யானை வந்து, புது ரோட்டுல ஒரு நடை நடந்து பார்த்துட்டுப் போச்சு. அதுங்களைப் பொறுத்தவரைக்கும் திறப்பு விழா முடிஞ்சிருச்சு.

பிள்ளை போட்டோ அனுப்பு. எப்படி இருந்தாலும் அனுப்பு.

அபே


தானா மேரா
12 பிப்ரவரி 1981

அன்புள்ள அபேக்கு, ஸலாமும் நூறு நன்றியும்.

உங்கள் கடிதம் பத்தே நாளில் வந்துவிட்டது. வந்த அன்றே பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறையில் தொங்குகிற பெரிய வரைபடத்தின் மேல் நூலை வைத்து, கெரிக்கிலிருந்து ஜெலி வரை அளந்தேன். வளைவுகளுக்குக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். எழுபத்திரண்டு மைல். எழுபது முடிந்தாயிற்று. மிச்சம் இரண்டு!

"ரெண்டு கட்டைதானே? புகையிலை அறுப்பு முடிஞ்சதும் நானே மண்வெட்டியோட போயி வெட்டித் தர்றேன், உன் அண்ணனை ரெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்கிறார் உங்கள் மச்சான் யாக்கோப்.

பிப்ரவரித் தேதி வேண்டாம், மே பத்தொன்பது போதும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டேன். எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். அதுவரை, பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து விரலை மூக்கடியில் வைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என் அண்ணன் போடுகிற ரோட்டில்தான் என் பிள்ளை பினாங்கு போகப் போகிறாள் என்று. கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருப்பேன். கணக்கு டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பக்கத்து வீட்டு மெக் யாம் வந்து பிள்ளையைப் பார்த்தார். ஏதோ சொன்னார். பெரியவர்கள் சொல்வதுதான்.

போட்டோக்காரர் கல்யாண வேலையாக இருக்கிறார். பிறகு அனுப்புகிறேன்.

நானி


பண்டிங் முகாம்
5 மார்ச் 1981

நானிக்கு ஸலாம். எல்லாரும் சுகம்னு நினைக்கிறேன். உக்காந்துக்கிட்டுப் படி.

உன் கடிதம் மூணு வாரம் கழிச்சு நேத்துத்தான் கைக்கு வந்துச்சு. நான் கட்டைன்னு எழுதினது மைல் இல்லை. புது ரோட்டுல மைலே கிடையாது. கிலோமீட்டருக்கு ஒரு கல்லுதான் நடறோம். அந்தக் கல்லுக்கு நாங்க கட்டைன்னுதான் சொல்றோம், பிறந்ததுலருந்து வேற என்ன பேரைச் சொல்லியிருக்கோம்? மைலுக்கும் கட்டை, ரோட்டோரக் கல்லுக்கும் கட்டை. மொத்தம் நூத்திப் பதினஞ்சு கல்லு வரும். எழுபது முடிஞ்சிருக்கு. மிச்சம் நாப்பத்தஞ்சு, அதுவும் மலை உச்சி. இந்த வருஷம் முடியாது. அடுத்த வருஷம் நடுவுல ஆகலாம்.

எட்டு வருஷமா கல்லு நடறவன். "மைல் இல்லைம்மா"ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்து எழுதத் தெரியலை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். லீவுக்குப் போயிட்டு வந்த தானா மேராக்காரன் ஒருத்தன், மெக் யாம் ஊரெல்லாம் என்ன சொல்லிட்டுத் திரியுதுன்னு என்கிட்ட சொன்னான். "அண்ணன் மலையைக் கிழிச்சான், தங்கச்சி பிள்ளைக்கு உதடு கிழிஞ்சுது." நீ ஏன் எனக்கு எழுதலை?

நான் படிக்காதவன். பெருநாளுக்கு வந்தப்போ நீ உண்டாகியிருந்தே. திரும்பி வந்த உடனே ஐம்பத்தெட்டாவது கட்டைக்கிட்ட பாறையை வெடி வச்சு வகுந்தோம். மாசத்தை எண்ணிப் பார்த்தேன். சரியா வருது.

அபே


தானா மேரா
22 மார்ச் 1981

ஸலாம் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும் என்பதால், அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் என்னைத் திட்டிக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்புக்குக் கிலோமீட்டர் பாடம் நடத்துகிறவளே நான்தான். "டீச்சர், எட்டாங்கட்டைக் கடைக்கு இனிமே பதிமூணு கிலோமீட்டர் கடைன்னு பேரா?" என்று பிள்ளைகள் கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே வாரம் வீட்டில் உட்கார்ந்து உங்கள் கட்டையை மைலாக வாசித்திருக்கிறேன்.

பிப்ரவரித் தேதி போய்விட்டது. மே விட்டால் டிசம்பர்தான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். டிசம்பரில் இங்கே வெள்ளம் வந்தால் ரயிலே ஓடாது. இவளுக்கோ நாலு மாதத்தில் ஏற வேண்டிய எடையில் பாதிகூட ஏறவில்லை. இதுவரை இரண்டு தடவை புரையேறி நீலம் பாரித்துவிட்டாள். டிசம்பர் வரை என்னால் கரண்டியோடு உட்கார்ந்திருக்க முடியாது, அபே. அதனால் மே பதினாறு ரயிலில் கிளம்புகிறோம். ஜன்னலுக்கு அடைக்கத் தார்ப்பாய் வாங்கியாயிற்று. அப்படியும் சளி பிடித்தால் என் தலையெழுத்து.

இப்போது உங்களை. அந்த மலையில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? ஆயிரம் பேரா? ஆயிரம் பேருக்கும் தங்கச்சி இருக்கிறாள், பெண்டாட்டி இருக்கிறாள். எத்தனை பிள்ளைக்கு உதடு பிளந்தது? மெக் யாம் என் முகத்துக்கு நேரேதான் சொன்னார். "அப்படின்னா உங்க மருமகன் ஆத்துல மணல் அள்ளுறாரே, உங்க பேத்திக்குக் காலு வத்திப் போகணுமே?" என்று கேட்டேன். இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்றால், நீங்கள் மாசத்தை எண்ணுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எண்ணிவிட்டீர்கள் அல்லவா? இன்னொரு தடவை எண்ணினால் நான் உங்களோடு பேச மாட்டேன்.

போட்டோ இதோடு இருக்கிறது. போட்டோக்காரர் துணியால் வாயை மறைக்கச் சொன்னார். நான் மறைக்கவில்லை.

நானி


பண்டிங் முகாம்
16 ஏப்ரல் 1981

நானிக்கு ஸலாம். போட்டோ வந்துச்சு. கண்ணு உன் கண்ணு. முறைக்கிறது நம்ம அப்பா முறைக்கிறது.

ரயில்ல போகாதே. மேற்குப் பக்கத்து ஆளுங்க நாங்களும், ஜெலியிலிருந்து வெட்டிக்கிட்டு வந்த கிழக்குப் பக்கத்து ஆளுங்களும் போன வாரம் உச்சியில சந்திச்சுட்டோம். ரோடு இல்லை, வெறும் மண் பாதைதான். ஆனா லாரி வரும். அனுமதி வாங்கியாச்சு. மே பதினேழு காலையில ஏழு மணிக்கு, ஜெலி மசூதிக்கு எதிர்ல நில்லுங்க. ஆ கெங்னு ஒரு சீனன், காலி தார்ப் பீப்பாய் ஏத்திக்கிட்டு வருவான். வாய் ஓயாது, ஆனா ஸ்டியரிங் பிடிச்சான்னா தங்கமான கை. உச்சியில நான் கிரேடரோட நிப்பேன். சேறு இருந்தா முன்னாடி தள்ளிக்கிட்டே போறேன், நீங்க பின்னாடி வாங்க. பொழுது சாயறதுக்குள்ள கெரிக்.

அனுமதியைப் பத்தி யாருக்கும் எழுத வேண்டாம், யார்கிட்டயும் பேசவும் வேண்டாம். பிள்ளைக்குக் கம்பளி ரெண்டு எடுத்துக்க.

அபே


பினாங்கு, குழந்தைகள் வார்டு
25 மே 1981

என் அபேக்கு, இந்த வார்டில் இருக்கிற எல்லாத் தாய்மாரின் ஸலாமும். உங்கள் கதையை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

தைத்துவிட்டார்கள். மூக்குக்குக் கீழே எறும்பு வரிசை மாதிரிக் கறுப்பு நூல். மயக்கம் தெளிந்ததும் பசித்து அழுதாள். அந்த வாயைப் பார்த்துவிட்டு நானும் அழுதேன். "ஆபரேஷன் பிள்ளைக்கா உங்களுக்கா?" என்று நர்ஸ் அதட்டினார். அண்ணத்தைத் தைக்க அடுத்த வருஷம் ஆகஸ்டில் மறுபடி வர வேண்டும்.

எழுபதாவது கட்டையில் எங்களை விட்டுவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கிரேடரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். அதனால், உச்சிக்கு வரும் முன்னால் லாரியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

ஆ கெங் சொன்ன நேரத்துக்கு வந்தார். "டீச்சர், நீங்களும் பாப்பாவும் முன்னாடி. சார் பின்னாடி பீப்பாயோட. புகையிலைக்காரர்தானே, தார் நாத்தம் அவருக்குச் சென்ட்டு" என்றார். ஜெலி தாண்டியதும் திடீரென்று, "டீச்சர், ராணுவ கேட் வருது. நீங்களும் பின்னாடி போயி பீப்பாய்க்கு நடுவுல உக்காந்துக்கங்க" என்றார்.

"எதுக்கு? அனுமதி இருக்கே?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "இருக்கு, இருக்கு. இருந்தாலும் உக்காருங்க."

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, அபே. உட்கார்ந்தோம். கேட்டில் லாரி நின்றது. ஒரு கோப்ரல் வந்தார்.

"என்ன லோடு?"

"காலி பீப்பாய், கோப்ரல்."

அந்த நேரம் பார்த்து உங்கள் மருமகள் வீரிட்டாள். யாக்கோப் இருமிப் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை.

"காலி பீப்பாய் அழுவுதா?"

"காத்து உள்ள போனா அப்படித்தான் சத்தம் வரும், கோப்ரல். புது மாடல்."

கோப்ரல் பின்பக்கம் ஏறி, துப்பாக்கி முனையால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு இவளை. கம்பளி விலகி வாய் தெரிந்தது. நான் மூடவில்லை. கோப்ரல் துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். தார்ப்பாயை இறக்கிவிட்டு, "பீப்பாயைக் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லு. மேலே குலுங்கும்" என்று ஆ கெங்கிடம் சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார்.

அதன் பிறகு மூன்று மணி நேரம் யாக்கோப் வாந்தி எடுத்தார். நான் ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஆள் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். உச்சிக்கு முந்தின வளைவில் இரவு பெய்த மழையில் மண் சரிந்து கிடந்தது. ஆ கெங் லாரியை நிறுத்திவிட்டு, முதல் தடவையாக வாயை மூடினார். அப்போது மேலே மஞ்சளாக ஒன்று அசைந்தது. நான் வெறும் மெஷின் என்றுதான் நினைத்தேன். அது பக்கவாட்டில் சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டே இறங்கி வந்தது, முகச்சவரம் செய்கிற மாதிரி. பின்னால் பாதை பிறந்துகொண்டே வந்தது. "பாருங்க டீச்சர், இந்த மலையில இந்த மாதிரி பிளேடு வைக்கிறவன் வேற எவனும் கிடையாது" என்று ஆ கெங் சொன்னார். நான் கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று நீங்கள் கூட்டத்தில் நின்று கைதட்டினீர்களே, அன்று உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த வளைவில் தெரிந்தது.

நீங்கள் இறங்கி வந்து, கையைச் சட்டையில் துடைத்து, அது இன்னும் அழுக்கு என்று பார்த்துவிட்டு, இவளைத் தொடாமலே நின்றீர்கள். தொட்டிருக்கலாம்.

இப்போது கேட்கிறேன். அனுமதி யார் கொடுத்தது?

நானி


தானா மேரா
5 ஆகஸ்ட் 1981

அபேக்கு ஸலாம். சுகமாக இருக்கிறீர்களா? இரண்டரை மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

பெருநாள் வந்து போய்விட்டது. ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். மெக் யாம்கூட ஒரு தட்டுப் பலகாரத்தோடு வந்தார். உங்களிடமிருந்து வாழ்த்து அட்டைகூட வரவில்லை.

மஸ்தூரா போத்தலில் குடிக்கிறாள். ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறாள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ரேடியோவில் மலைச் செய்தி வந்தால் ஒலியைக் குறைத்துவிட்டு, பிறகு கூட்டிவிட்டு, பிறகு அணைத்துவிடுகிறேன்.

நானி


பண்டிங் முகாம்
2 அக்டோபர் 1981

நானிக்கு ஸலாம். நான் நல்லா இருக்கேன். வேலை ஜாஸ்தி, அதான் எழுத முடியலை. பெருநாள் மன்னிப்பை இப்ப கேட்டுக்கிறேன், லேட்டானாலும் செல்லும்.

நீ கேட்டதுக்கு, எல்லாம் சரியாப் போச்சு. இப்ப கிரேடரை வேற ஆளும் ஓட்டுறாங்க. முதுகுக்கு நல்லதுன்னு நானும் விட்டுட்டேன். இங்க மழை. அட்டைக் கடி.

ஒன்றரைக் கிலோங்கிற வரியை முகாமுல வாசிச்சுக் காட்டினேன். ஆ கெங் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் குடுத்தான்.

அபே


தானா மேரா
27 ஜூலை 1982

என் அபேக்குப் பெருநாள் ஸலாம். நான் அறிந்தும் அறியாமலும் செய்த எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த வருஷம் அதை வாய்ச்சொல்லாக எழுதவில்லை.

இந்தப் பத்து மாதத்தில் நாலு கடிதம் போட்டீர்கள். மழை, அட்டை, காப்பி. எத்தனையாவது கட்டை என்று ஒன்றிலும் இல்லை. மூச்சுக்கு ஒரு கட்டை எழுதுகிற ஆள் நீங்கள். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ரோடு திறந்த அன்று ஜெலிக்கு எல்லாரும் போனோம். மெக் யாமும் பஸ்ஸில் முன் சீட்டுப் பிடித்து வந்தார். கொடி, பந்தல், பெரிய மனிதர்களின் கறுப்புக் கார்கள். நோன்பு மாதமானதால் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது, ஆனாலும் கூட்டம். மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். உங்கள் மஞ்சள் கிரேடரை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். மஸ்தூராவைத் தோளில் தூக்கிவைத்து, "அதோ பாரு, மாமா!" என்று காட்டினேன். மேலே உட்கார்ந்திருந்தது வேறு ஆள்.

கூட்டத்தில் ஆ கெங் எங்களைப் பார்த்துவிட்டார். "டீச்சர்! உங்க பீப்பாய் சிரிக்குதே!"

"அபே எங்கே?"

"அவன் எழுதலையா? அடப் பாவி." தலையைச் சொறிந்தார். "உங்களைக் கெரிக்கில இறக்கிவிட்ட மறுநாளே எங்க என்ஜினியர் துவான் ஹாலிம் கூப்பிட்டு விசாரிச்சார். அதுக்கு முன்னாடி உங்க அண்ணன் அவர்கிட்ட ரெண்டு தடவை அனுமதி கேட்டு, ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டார். அதான் கேக்காமலே செஞ்சுட்டான். எல்லாம் நான்தான்னு அவனே சொல்லிட்டான். லாரிக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது, பீப்பாய்னுதான் நினைச்சான்னு என்னையும் காப்பாத்திட்டான். கிரேடர் சாவியை வாங்கிட்டாங்க, டீச்சர். இப்ப ரோட்டோரம் புல்லு வெட்டுற, வாய்க்கால் அள்ளுற கூட்டத்துல இருக்கான். ஐம்பத்தெட்டாவது கட்டைப் பக்கம்."

உங்கள் துவான் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணிவெடி இருக்கிற மலையில் கைப்பிள்ளையை ஏற்றிக் கொண்டுபோனால் எந்த மேலதிகாரியும் அதைத்தான் செய்வார். உங்கள் மேல்தான் கோபம். பத்து மாதமாக என்னிடம் மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடம் திறந்ததும் கணக்கு டீச்சர் வேண்டுமென்றே கேட்டார், "விழாவுல உங்க அண்ணனைக் காணோமே?" என்று. "விழாவுக்கு வந்தவங்க எல்லாரும் அவர் போட்ட ரோட்டுமேலதான் வந்தாங்க, டீச்சர்" என்றேன். விழாவிலிருந்து திரும்பி வரும்போது மெக் யாம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

அண்ணம் தைக்க ஆகஸ்ட் இருபத்துநாலு தேதி கொடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு ஞாயிறு காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்புகிறோம். ஐம்பத்தெட்டாவது கட்டைக்குப் பதினொரு மணிவாக்கில் வருவோம். அங்கே நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் பேசியாயிற்று, ஒத்துக்கொண்டார். ரோட்டோரம் நில்லுங்கள், அபே. கையில் மண்வெட்டி இருந்தாலும் சரி, சேறு இருந்தாலும் சரி. உங்களை அவளுக்குக் காட்ட வேண்டும்.

நானி


பண்டிங் முகாம்
23 ஆகஸ்ட் 1982

நானிக்கு அபேயோட ஸலாம். இது உன் கைக்கு வர்றப்போ ஆபரேஷன் முடிஞ்சிருக்கும். நல்லபடியா முடிஞ்சிருக்கணும்னு நேத்துலருந்து அதே நினைப்பு.

நீ கோவமா இருப்பே. கண்ணாடியை நீ தட்டினதையும் பார்த்தேன், வாயில என்ன சொன்னேங்கிறதையும் பார்த்தேன். டீச்சர் பேசுற பேச்சா அது?

நான் நின்னேன், இல்லைங்கலை. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு. இருந்தும் கும்பல்ல இருக்கிற நாலு பேரும் சலவைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, "தெராமான் பிள்ளை வருது"ன்னு என்கூட வந்து வரிசையா நின்னானுங்க. பதினொண்ணே காலுக்குக் கீழே சத்தம் கேட்டுச்சு. அந்த ஏத்தம் நான் சமன் பண்ணினது, நானி. மலையை வகுந்ததும் அங்கதான், நான் மாசத்தை எண்ணினது அந்த இடத்துக்குத்தான். முழு லோடோட பஸ்ஸு மூச்சு வாங்காம ஏறி வந்துச்சு. நான் அப்படியே பார்த்துக்கிட்டு இருந்தேன். டிரைவர் என்னைக் கண்டுட்டு ஹாரன் அடிச்சு, வேகத்தைக் குறைச்சான்.

ஜன்னல்ல உன்னைப் பார்த்தேன். உன் தோள்ல அது தூங்கிட்டு இருந்துச்சு. வாய் லேசாத் திறந்து, உதடு முழுசா. தூங்குற பிள்ளையை எழுப்பிக் காட்டுற அளவுக்கு என் மூஞ்சியில என்ன இருக்கு? அதான் டிரைவருக்குக் கையைக் காட்டினேன். நிக்காதே, போ, போன்னு. இந்த ரோட்டுல ஒரு தடவை உன்னையும் அதையும் சேத்துல நிறுத்தி வச்சது போதும். இனிமே நீ இதுல எங்கேயும் நிக்க வேண்டாம், நேராப் போ.

அவன் மறுபடி வேகம் எடுத்தான். மேலே அந்தப் பெரிய வளைவு இருக்கு பாரு, அதுல திரும்புற வரைக்கும் பின்னாடி கண்ணாடி வழியாப் பிள்ளை தலை தெரிஞ்சுச்சு. நான் பக்கத்துல இருந்தவன் கையைப் பிடிச்சு இழுத்து, "பாருடா, பாருடா, பஸ் குலுங்குதா, பிள்ளை தலை ஆடுதா பாரு"ன்னேன்.

நாலு பேரும் பார்த்தானுங்க. ஆடலைன்னானுங்க.

யாக்கோபுக்கு என் ஸலாம்.

உன் அபே,
தெராமான்